மிதிப்பவருக்குக் கேட்காது

போரால் மின்சாரமும் பற்றரியும் இல்லாத காலம். கருவிப் பைத்தியங்களான நாங்கள் சிலர் சனிப் பின்னேரங்களில் உடுவிலில் ஒரு சைக்கிள் கடையில் கூடுவோம். ஒருவர் மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டார் சைக்கிளைக் காட்டுவார். நரைத்த மீசைக் குருநகர்க்காரர் தன் சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி மிதிப்பார். சக்கரத்தோடு சுழலும் டைனமோவின் மின்சாரத்தில் வானொலி செய்தி சொல்லும். வேறு யாரையும் மிதிக்க விடமாட்டார்.

“அண்ணை, இறங்குங்கோ. நீங்களும் செய்தி கேக்க வேணுமெல்லே?” என்றேன்.

“மிதிக்கிற சத்தத்திலை எனக்கு ஒண்டும் கேக்காது தம்பி. நான் நிப்பாட்டினா உங்களுக்கும் கேக்காது.”

அவருடைய மகன் கடலுக்குப் போகிறவன். ஒரு சனிக்கிழமை, குருநகர்ப் படகுகள் கடலில் சுடப்பட்டதாகச் செய்தியில் சொன்னார்கள். நாங்கள் எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தோம். அவர் எங்கள் முகங்களைப் பார்த்தபடி மிதித்தார். செய்தி முடிந்து பாட்டுத் தொடங்கியது. பாட்டு வந்தால் இறங்கிவிடுகிறவர், அன்று நிறுத்தவில்லை.