காலரக்காவின் போர்வை

சட்டை கம்பெனியில் எல்லோரும் அவரைக் காலரக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். சேர்ந்த அன்று காலர் தைக்கும் மெஷினில் உட்கார வைத்தார்கள். ஓய்வு பெற்று எழுந்து வரும்வரை அதே மெஷின், அதே காலர். மற்றதையெல்லாம் மற்றவர்கள் தைத்தார்கள். ஒரு சட்டை எப்படி முடிகிறது என்று எட்டிப் பார்க்கத் தலையைத் தூக்கினால் போதும், சூப்பர்வைசர் வந்து நிற்பார். பழக்கதோஷம், பஸ்ஸில் போனாலும் எதிரே இருக்கும் ஆண்களின் கழுத்தையே அக்கா உற்றுப் பார்ப்பார். கூட வரும் வீட்டுக்காரர் நெளிவார்.

இத்தனை காலம் தைத்தும், தன் கையால் தொடங்கித் தன் கையால் முடித்தது என்று சொல்லிக்கொள்ள வீட்டில் ஒரு கைக்குட்டைகூட இல்லை. அது அவருக்குத் தாங்கவில்லை. ஓய்வு பெற்ற கையோடு துண்டுத் துணிப் போர்வை ஒன்றில் இறங்கினார். முதல் வெட்டிலிருந்து கடைசி முடிச்சுவரை தானே, அதுவும் கையாலேயே என்று அப்போதே அறிவித்தும் விட்டார்.

பழைய படுக்கை விரிப்பு, மகளின் பள்ளிப் பாவாடை, சாயம் போன தலையணை உறை எல்லாம் சதுரம் சதுரமாயின. வீட்டுக்காரர் ஒரு நாள் தன் நீலச் சட்டையைத் தேடினார். அதை இன்னும் போட்டுக்கொண்டுதானே இருக்கிறேன் என்று அவர் முறையிட, இனிமேல் போர்த்திக்கொள்ளலாம் என்று பதில் வந்தது.

சதுரங்களை இணைத்து மேல்துணி தயாரானதும் ஹாலில் இருந்த நாற்காலிகளெல்லாம் வெளியேறின. அடித்துணியைச் சுருக்கமில்லாமல் இழுத்துத் தரையோடு டேப் போட்டு ஒட்டினார். அதன்மேல் பஞ்சு, அதன்மேல் மேல்துணி. நடுவிலிருந்து ஓரம் நோக்கி ஊக்குகளைக் குத்திக்கொண்டே போனார். அன்று முழுக்க வீட்டுக்காரர் சுவரை ஒட்டி நண்டு மாதிரி நடந்துதான் சமையலறைக்குப் போனார்.

இனி மூன்றையும் சேர்த்துத் தைத்து, ஓரத்துக்குப் பட்டி கட்டவேண்டும். பெரிய வேலையே அதுதான். விரல் மூட்டு வலி உயிரை எடுத்தது. ஒரு மூலை முடிவதற்குள், ஆபரேஷன் ஆன தங்கையைப் பார்த்துக்கொள்ள அவர் போகவேண்டி வந்தது.

திரும்பி வந்தபோது கட்டில்மேல் போர்வை விரித்துக் கிடந்தது. முழுசாக முடிந்து, ஓரப்பட்டியும் கட்டி. அம்மா படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காமல் மகள்தான் கடையில் கொடுத்து மெஷினில் தைத்து வாங்கியிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பாகப் பக்கத்திலேயே நின்றாள். ஹால் மீண்ட சந்தோஷம் வீட்டுக்காரருக்கு.

அக்கா அந்த ஒரு மூலையைத் தடவிப் பார்த்தார். தான் தைத்ததையும் கடைக்காரர் பிரித்துவிட்டு மெஷின் ஓட்டியிருந்தார். கோடு பிசகவில்லை, குறை சொல்ல எதுவுமில்லை. அக்கா தண்ணீர் குடித்தார். கண்ணாடியைத் தேடி மாட்டினார். தையல் பிரிக்கும் கொக்கியை எடுத்துக்கொண்டு கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

முதல் நூல் அறுந்ததும் மகளுக்குக் கண் கலங்கியது. “உனக்காகத்தானேம்மா செஞ்சேன்?”

“எனக்காகன்னுதான் எல்லாரும் செய்யறீங்க. என்னைச் செய்ய விடணும்னு ஒருத்தருக்கும் தோணலையே.”

மகள் செருப்பை மாட்டிக்கொண்டு தன் வீட்டுக்குப் போய்விட்டாள். அக்காவுக்குப் பாவமாகத்தான் இருந்தது. அதற்காகக் கொக்கியைக் கீழே வைக்கவில்லை.

மெஷின் தையல் லேசில் பிரிகிறதா? பொடிப்பொடியாக அறுக்க வேண்டியிருந்தது. கட்டில், துடைப்பம், தலைமுடி என்று வீடெங்கும் நூல். தன் டீயில் மிதந்ததை வீட்டுக்காரர் எடுத்துக் காட்டினார், கண்டுகொள்ள ஆளில்லை. கோபம் ஆறிய மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, எதிரே உட்கார்ந்து துணியில் ஒட்டிய நூலைப் பொறுக்கினாள். பிரிப்பதற்கு யார் வேண்டுமானாலும் வரலாம், ஊசியை மட்டும் தொடக்கூடாது என்றார் அக்கா. மகளும் தொடவில்லை.

பிறகு மறுபடி ஹால், டேப், ஊக்கு, நண்டு நடை. வலித்தால் நிறுத்தினார், விட்டால் தைத்தார். கடைசி மூலையில் பட்டியை மடித்துத் தைத்து, முடிச்சைப் பஞ்சுக்குள் இழுத்துவிட்டு, இரண்டு பேரையும் கூப்பிட்டார்.

வீட்டுக்காரர் குனிந்து பார்த்தார். நடுவில் ஒரு வரி கோணிக்கொண்டு போயிருந்தது. கடையில் தைத்தது நேராக இருந்ததே என்று அவர் இழுத்தார். அந்த ஒரு வரியை மட்டும் பிரித்துத் திரும்பத் தைத்துவிடலாமே என்றாள் மகள்.

அக்கா போர்வையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“அந்த இடத்துலதான் எனக்கு விரல் மரத்துப்போச்சு. அப்பவும் ஊசியை நான் விடலை. அதை நேராக்கறேன்னு யாரும் வராதீங்க.”