எனக்கு அடியேன், அவருக்குத் தோழர்

என் மனைவி போன பிறகு அவள் குரல் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில்தான் இருந்தது. வெளிநாட்டில் இருக்கும் பேத்திக்காகப் பாசுரங்களைச் சொல்லிப் பதிவு செய்து வைத்திருந்தாள். நடுநடுவே, "காபி ஆறிப்போறது, வாங்கோ" என்று என்னை அதட்டுவதும் கேட்கும். எனக்கு அந்த அதட்டல்தான் வேண்டியிருந்தது.

கம்ப்யூட்டர் மந்தமாகி, எதைத் திறந்தாலும் அப்படியே நின்றுபோனது. செய்தித்தாளோடு வந்த நோட்டீஸில் இருந்த உதவி எண்ணுக்குப் பணம் கட்டிப் பேசினேன். எடுத்தவன் என் பேச்சைக் கொஞ்ச நேரம் கேட்டான். எந்த ஊர் என்றான். ஸ்ரீரங்கம் என்றேன்.

"அடியேன் பார்த்துக்கறேன், ஸ்வாமி."

நான் விழுந்தது அங்கேதான். எங்கள் வைஷ்ணவக் குடும்பங்களில் 'நான்' என்பதற்குப் பதில் 'அடியேன்' என்பவனிடம் மேற்கொண்டு எதுவும் கேட்கத் தோன்றாது. அவன் சொன்னபடியெல்லாம் செய்தேன். என் கை படாமலே மவுஸ் அம்பு திரையில் ஓடியது. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும் என்றான். போய்ச் சேர்ந்த என் மனைவியின் குரல் அதில்தான் இருக்கிறது என்றேன்.

"மாமி குரலை முதல்லயே பத்திரமா எடுத்து வெச்சுட்டேன். அடியேனை நம்புங்கோ."

நம்பினேன். கம்ப்யூட்டர் குதிரை மாதிரி ஓடியது, குரல் இல்லை. நாளைக்கு அனுப்புகிறேன் என்றான். அதன்பிறகு என் அழைப்பை யாரும் எடுக்கவில்லை. பதிவுகளை எடுத்து வைக்க நேரமாகும். அந்தச் சோம்பலுக்கு ஒரு பொய்! கம்ப்யூட்டரே போயிருந்தாலும் பொறுத்திருப்பேன். என் பாஷையிலேயே பேசிக் கழுத்தறுத்தானே, அந்த வயிற்றெரிச்சல்தான் அடங்கவில்லை.

போன மாதம் பொன்மலையில் நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்து ஓய்வு பெற்றவர், பழைய யூனியன்காரர். கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசிக்கொண்டிருந்தார். மேஜையில் அதே நோட்டீஸ் கிடந்தது.

"தோழர், உங்க மக கல்யாண போட்டோ எல்லாம் பத்திரமா எடுத்து வெச்சுட்டேன். அழிச்சிடலாமா? என்னை நம்புங்க தோழர்."

அதே குரல். ஆளுக்கு ஒரு பாஷை வைத்திருக்கிறான்.

"சரிங்க தோழர்" என்று சொல்ல நண்பர் வாயெடுப்பதற்குள் பாய்ந்து ஸ்விட்சை அணைத்தேன். திரை இருண்டது.

"என்ன சார், உங்களுக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்று நண்பர் கத்தினார். போனைக் கையில் எடுத்தேன்.

"அடியேன் பேசறேன்" என்றேன். "மாமி குரல் எங்கே?"

மறுமுனையில் டக்கென்று போனை வைத்துவிட்டான்.