அம்மன் கதவு திறக்கும் வரை

அரசாங்கம் வேறு, சாமி வேறு என்று இப்போது படித்தவர்கள் மேடையில் பேசுகிறார்கள். பேசட்டும். எங்கள் வழக்கில் இரண்டும் ஒரே கயிறாகத் திரிந்து என் கழுத்தில் விழுந்ததை அவர்கள் பார்க்கவில்லை.

வாவிக்கு அப்பால், படுவான்கரை வட்டையில் எங்களுக்கு வயல் இருந்தது. ஒரு மாரியில் வெள்ளம் வரம்பைக் கரைத்துவிட்டது. என் புருஷன் அதைப் பக்கத்து வயலுக்குள் இரண்டு முழம் தள்ளிக் கட்டினார். ஆசைதான், வேறு காரணமில்லை. கூடையில் மண் அள்ளிக் கொடுத்தவள் நான். பக்கத்து வயற்காரர் வழக்குப் போட்டார்.

நீதிமன்றத்தில், இங்கிலாந்து ராசாவின் படத்துக்கு முன்னால், "வரம்பு பழைய இடத்திலதான் ஐயா" என்று என் புருஷன் கண் இமைக்காமல் சொன்னார். பொய்ச்சாட்சிக்கு மறியல் உண்டு, சிறையில் போடுவார்கள். அதற்கு யார் பயந்தார்கள்? ஆனால் எதிர்ப்பக்கத்து வக்கீலான பிறக்கிராசி எழுந்து, "இதையே கண்ணகி அம்மன் முன்னால் சத்தியம் பண்ணிச் சொன்னால் வழக்கை விட்டுவிடுகிறோம்" என்றார். சட்டத்தில் அதற்கு இடமிருந்ததாம். நீதவான் வெள்ளைக்காரர், கிறிஸ்து வேதக்காரர். சம்மதமா என்று கேட்டார். மறுத்தால் அதுவே குற்றத்தை ஒப்புக்கொண்டதாகும். என் புருஷன் தலையாட்டினார்.

நீதவான் அடுத்த கிழமைக்கு நாள் வைத்தார். மொழிபெயர்ப்பாளர் எழுந்து, அம்மன் கதவு வருஷத்தில் ஒருமுறை, வைகாசியில்தான் திறக்கும் என்றார். துரை கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் கலண்டரைப் புரட்டி, வழக்கை வைகாசிக்குத் தள்ளிவைத்தார்.

அது மாசி மாதம். எனக்கு வயிற்றில் மூன்று மாதம். அம்மன் முன் பொய்ச்சத்தியம் பண்ணினால் கேடு பிள்ளையில்தான் பிடிக்கும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். எனக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளை துடித்தாலும் பயம், துடிக்காவிட்டாலும் பயம்.

"இஞ்சேருங்க, வயல் போனாப் போகட்டும். உள்ளதச் சொல்லுங்க" என்று அழுதேன்.

"உள்ளதச் சொன்னா மறியலுக்குப் போவன். நீ பிள்ளையோட தெருவிலயா நிக்கப்போறாய்? வாயப் பொத்து புள்ள."

வைகாசியில் கதவு திறந்தது. ஈரவேட்டியோடு நின்று, எரிந்த கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் பண்ணினார். நீதிமன்றத்திலிருந்து வந்தவர் அதைக் கடுதாசியில் எழுதிக்கொண்டார். கூட்டத்தில் நின்ற நான் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அம்மனுக்குத் தெரியாமல் மறைப்பவள்போல வயிற்றைச் சீலையால் மூடிக்கொண்டேன்.

ஆவணியில் மகன் பிறந்தான், மூக்கும் முழியுமாக. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குப் பயம் போகவில்லை. பிள்ளை தும்மினாலும் நேர்த்திக்கடன் வைத்தேன்.

அவர் போய்ச் சேர்ந்த பிறகு, மகன் தலையெடுத்து வயலைப் பார்த்தான். ஒருநாள் வயலிலிருந்து வந்து, சோற்றில் கை வைத்தபடி கேட்டான்.

"அம்மா, வரம்பு முந்தி இஞ்சால இருந்த எண்டு பக்கத்து வயற்காரர் சொல்றார். உண்மையா?"

"இல்ல மனே. எப்பவும் இப்ப இருக்கிற இடத்திலதான் கிடந்த."

அன்று பின்னேரம் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. உள்ளதைச் சொல்லி விழுந்து கும்பிட அம்மன் கோயிலுக்கு ஓடினேன். மாசி மாதம். கதவு பூட்டியிருந்தது.