சாமி பார்க்கப் போன ரவிக்கைத் துணி

எங்கள் ஊரில் யாரும் பட்டுத் துணியைக் கடைக்குள் உட்கார்ந்தபடியே முடிவு செய்வதில்லை. ட்யூப்லைட்டில் அரக்கு மெரூனாகத் தெரியும், மயில்கழுத்து நிறம் வெறும் பச்சையாகிவிடும். அதனால் துணியைக் கையோடு வாசலுக்கு எடுத்து வந்து, வெயிலில் விரித்து, கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார்கள். கடைக்காரர்களும் ஒன்றும் சொல்வதில்லை. காந்தி ரோட்டில் எப்போது போனாலும் யாராவது ஒருவர் படியில் நின்று ஒரு முந்தானையை வானத்துக்குக் காட்டிக்கொண்டிருப்பார். இந்த வழக்கம் தெரியாதவர்களுக்கு அன்று நடந்தது சுத்தமான திருட்டாகத்தான் படும். அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

அன்று வைகாசி உற்சவத்தில் கருட சேவை. பெருமாள் போகும் வழியில் எங்கள் தெருவினர் மோர்ப் பந்தல் போட்டிருந்தோம். யோசனை என்னுடையது. எம்.எஸ்சி. முடித்துவிட்டு வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. எனக்கு யோசனைகள் பால் பொங்குவதுபோல் பொங்கும். பெருமாள் எங்களைக் கடந்து போயிருந்தார். பின்னால் வந்த கூட்டத்துக்கு நான் மோர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கூட்டத்திலிருந்து எதிர்வீட்டுப் பெண் வெறுங்காலோடு வந்து நின்றாள். ப்ளஸ் ஒன் முடித்தவள், நெசவுக்காரர் வீட்டுப் பெண். முகமெல்லாம் வியர்வை, வாயெல்லாம் பல்.

"அக்கா, சூப்பர் தரிசனம்! குடை எங்க தலைக்கு மேலயே வந்துது!"

மோரைக் குடித்துவிட்டுக் கைக்குட்டை எடுக்கத் துணிப்பையைத் திறந்தாள். பல் மறைந்தது.

"அக்கா" என்றாள், வேறு குரலில்.

பையில் அவள் அம்மாவின் கல்யாணப் புடவை இருந்தது. மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை. மாமா பெண் கல்யாணத்துக்கு அம்மா அதைக் கட்டப்போகிறாள். பழைய ரவிக்கை பிய்ந்துவிட்டதால் கரைக்குச் சேர்வதாகப் புதுத் துணி வாங்கிவரச் சொல்லி இவளை அனுப்பியிருந்தாள். அந்தப் புடவையின் மடிப்புக்குள், பந்தல் நிழலில் அரக்குபோலவே தெரிந்த ஒரு பட்டு ரவிக்கைத் துணி இருந்தது. அதன் மூலையில் கடைச் சீட்டு தொங்கியது.

"வாங்கிட்டியே, அப்புறம் என்ன?"

"வாங்கலக்கா. கலர் பாக்க வெளிய எடுத்துக்கினு வந்தேன். புடவை மேல வெச்சிப் பாத்துக்கினு இருக்கும்போதே சாமி வந்துட்டாரு. கை கூப்பணுமே! ரெண்டையும் பையில திணிச்சிட்டுக் கும்பிட்டேன். அப்புறம் கூட்டம் தள்ளிக்கினே வந்துட்டுது."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை. உடனே என் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது.

"ஒண்ணும் பயப்படாத. நாம ரெண்டு பேரும் கஸ்டமர் மாதிரி உள்ள போறோம். நான் பத்துத் துணி எடுத்துப் போடச் சொல்றேன். அந்தக் குவியல்ல நீ இதைச் சொருகிடு. யாருக்குத் தெரியும்?"

"கேமராவுக்குத் தெரியும். எடுத்துக்கினு போனதையும் பாத்திருக்கும், சொருகறதையும் பாக்கும். அப்புறம் நீயும் நானும் சேந்து மாட்டுவோம்."

சரியான பேச்சு. சீட்டில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. "சரி, இரு, மோர் தீந்ததும் போலாம். அதுக்குள்ளயா தேடப்போறாங்க?" என்றேன்.

"நீ ஒண்ணு! அங்க துணி காட்டுன அக்கா புதுசு. சேந்து ஒரு வாரம்தான் ஆவுதாம். 'கூட்டமா இருக்குது, நீயே போய் வெயில்ல பாத்துட்டு வாமா'ன்னு என்ன நம்பித் தனியா அனுப்பிச்சிது. என்னால அதை வேலைய வுட்டுத் தூக்கிட்டா?" அவள் உதடு கோணியது.

அதற்குமேல் என்னால் நிற்க முடியவில்லை. மோர்க் கரண்டியைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

"செருப்பு எங்கடி?"

"கடை வாசல்லதான். மெத்தைல உக்காந்து பாக்கணும்ல, கழட்டி வுட்டேன். சாமி பின்னால போறப்ப செருப்பு ஞாபகம் வருமா?"

சாமி வருவதற்காக ரோட்டில் ஊற்றியிருந்த தண்ணீர் அதற்குள் காய்ந்து தார் கொதித்தது. என் செருப்பைக் கொடுத்தால் வாங்க மாட்டேன் என்றாள். கடைசியில் ஆளுக்கு ஒன்று போட்டுக்கொண்டோம். எதிரே பெருங்கூட்டம் வர, நாங்கள் இருவரும் ஒரு காலை ஊன்றி ஒரு காலைத் தூக்கித் தூக்கி வைத்து அதைக் கிழித்துக்கொண்டு போனோம்.

"என்னம்மா இது, புது வேண்டுதலா?" என்றார் பலூன் விற்பவர்.

வழியெல்லாம் நான் பேச்சு தயாரித்துக்கொண்டே வந்தேன். "எடுத்த உடனே நான் ஆரம்பிக்கறேன். ஆக்சுவலா சார், இது ஒரு மிஸ்அண்டர்ஸ்டாண்டிங், நாங்க ரெஸ்பெக்டபிள் ஃபேமிலி…"

"அக்கா, கைய எடுத்துக் கும்புடறேன், நீ பேசாத. நீ பேசுனா நெஜமாவே திருடுன மாதிரி இருக்கும்."

கடை வாசலை நெருங்கியபோதே உள்ளே சத்தம் கேட்டது. முதலாளி கல்லாவுக்குப் பக்கத்தில் எழுந்து நின்றிருந்தார். அவருக்கு எதிரில் ஒரு இளம்பெண், கண்கள் கலங்கி, கையில் ஒரு ஜோடி செருப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். துணி காட்டிய அக்கா அவள்தான் என்று சொல்லாமலே தெரிந்தது.

"வந்துடும் சார். செருப்பு இங்கதான இருக்குது."

"செருப்ப வெச்சிட்டுப் பட்டு எடுத்துக்கினு போலாம்னா, நாளைக்கு ஊரே வரும்மா. அந்தச் செருப்பையாவது பாத்தியா நீ? வாரு அறுந்து ஊக்கு குத்தி வெச்சிருக்குது. இதுக்காகத் திரும்பி வருவாளா ஒருத்தி? இதோ பாரு, கேமராவுல…"

திரையைப் பார்த்தேன். வாசலில் ஒரு சின்ன உருவம் பரபரவென்று பையில் எதையோ திணித்துவிட்டு இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டது. பிறகு கூட்டம் அதை அப்படியே அள்ளிக்கொண்டு போனது.

"அதுக்காகத்தான் வந்தேன் சார்" என்றாள் என் பக்கத்தில் இருந்தவள்.

கடை மொத்தமும் திரும்பியது. நான் வாயைத் திறந்தேன். அவள் என் காலை மிதித்தாள், செருப்பு போட்ட காலால். பையிலிருந்து துணியை எடுத்து நீட்டினாள்.

"நாந்தான் சார் எடுத்துக்கினு போனேன். வேணும்னு எடுக்கல. சாமி வந்துச்சு, கும்புட்டேன், பையில போட்டது மறந்துபோச்சு. தப்பு எம்மேலதான். அந்த அக்காவ ஒண்ணும் சொல்லாதீங்க. அது என்னைய நம்புனது தப்பா?"

கடைசி வரியில்தான் குரல் உடைந்தது. முதலாளி துணியை வாங்கி விரித்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். உள்ளிருந்து ஒரு துளசி இலை விழுந்தது. அதைக் குனிந்து எடுத்துக் கண்ணில் ஒற்றிக் காதில் செருகிக்கொண்டார்.

"எதுவரைக்கும் போச்சு துணி?"

"மோர்ப் பந்தல் வரைக்கும் சார்."

"நான் காலைலருந்து கல்லாவ வுட்டு நகர முடியல, இன்னும் பெருமாள சரியாக்கூடப் பாக்கல. எங்கடைத் துணி மட்டும் கூடவே ஊர்வலம் போய்ட்டு வந்திருக்குது!"

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். முதலாளி மட்டும் இன்னும் சிரிக்காமல் புதுப் பெண்ணைப் பார்த்தார்.

"நீ என்னம்மா இன்னும் செருப்பப் பிடிச்சிக்கினு நிக்கற? கீழ வெச்சிட்டுக் கையக் கழுவு. கஸ்டமர் வந்திருக்காங்க பாரு. இனிமே யார் வெயில்ல பாக்கப் போனாலும் கூடப் போவணும், புரியுதா? சாமியே வந்தாலும் கைய வுடாத."

"சரிங்க சார்" என்று அவள் ஓடினாள். போகிற போக்கில் இவள் கன்னத்தை ஒரு கிள்ளு கிள்ளினாள், வலிக்கிற மாதிரியே.

எல்லாம் முடிந்தது என்று நான் கிளம்பப் பார்த்தேன். ஆனால் இவள் நகரவில்லை.

"சார், இன்னொரு தடவ வெயில்ல பாக்கலாமா? அப்ப சரியாப் பாக்கறதுக்குள்ள சாமி வந்துட்டாரு."

முதலாளி துணியை மடித்து அவளிடமே நீட்டினார். "தைரியந்தான். போ. ஆனா இந்தத் தடவ ஊக்கு குத்துன செருப்பெல்லாம் அடமானம் செல்லாது. உங்க அக்கா இப்படி மெத்தைல உக்காரட்டும்."

"அது ஒரு எடத்துல உக்காராது சார்" என்றாள் அவள்.

உட்கார்ந்தேன். என் வாழ்க்கையில் முதல்முறையாகப் பிணைப் பொருளாக, ஒற்றைச் செருப்போடு வந்தவளாக, பேசத் தயாரித்த அத்தனையையும் விழுங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். எதிரில் கொட்டிக் கிடந்த துணிகளை நிறம் பார்த்து அடுக்கத் தொடங்கினேன். முதலாளி அவற்றை இருந்தபடியே விடச் சொன்னார்.

வாசலில் இரண்டு தலைகள் ஒட்டிக்கொண்டு குனிந்திருந்தன. புடவைக் கரையை ஒருத்தி பிடித்திருந்தாள், துணியை ஒருத்தி. வெயில் இரண்டு பேர் மேலும் விழுந்தது.

"அக்கா! சேரவே இல்லக்கா! இது மெரூன்!" என்று அங்கிருந்தே கத்தினாள்.

"நான் அப்பவே சொன்னேன்ல, சரியான அரக்கு அடுத்த கட்டுல இருக்குதுன்னு" என்று புதுப் பெண் உள்ளே வந்து, முக்காலி மேல் ஏறி, மேல்தட்டிலிருந்து ஒரு முழுக் கட்டை இழுத்தாள்.