மொரீசுத் தீவில் பார்க்க என்ன இருக்கிறது?

சம்பங்கியைக் கண்டவர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான். மொரீசுத் தீவில் பார்க்க என்னென்ன இருக்கிறது? ஏதோ மனிதன் காசை இறைத்து ஊர் சுற்றிவிட்டு வந்தவன் போல! குடியாத்தம் பக்கத்திலிருந்து கப்பலேறி, கரும்புத் தோட்டத்தில் பத்து வருஷம் முதுகு ஒடிந்து திரும்பியவன் அவன். வந்ததும் பாப்பம்மாவைக் கட்டிக்கொண்டான். ஊரில் நிலமும் இல்லை, மழையும் இல்லை. பெண்டாட்டியையும் அவள் தம்பி முனியப்பனையும் கூட்டிக்கொண்டு கோலார் தங்கச் சுரங்கத்துக்கு வந்தான். அங்கே சாம்பியன் ரீப்ஸ் என்கிற சுரங்கத்துப் பக்கம், மூங்கில் தட்டி கட்டிய ஒரு வீட்டில் குடியேறினார்கள். பாதி ஆயுசு வெயிலில், மீதி ஆயுசு இருட்டில். அலுப்பு மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

அந்த வருஷம் பொங்கல் கழிந்ததும், தீவுக்கு ஆள் பிடிக்க ராஜப்பா என்று ஒரு மேஸ்திரி வந்தான். சாராயக்கடை வாசலில் நின்றுகொண்டு அளந்தான்.

“சுத்தி கடலு! மானு துள்ற காடு. மலை உச்சியிலேர்ந்து கொட்ற அருவி. நம்ம முருகருக்கு அங்கயும் காவடி. திரைகடல் ஓடியும் திரவியம் தேடுன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?”

முனியப்பன் பேர் கொடுத்துவிட்டு வந்து நின்றான். தாது வருஷப் பஞ்சத்தில் அப்பனும் ஆத்தாளும் போனபோது, இடுப்பில் சுமந்து கஞ்சித்தொட்டிக்குக் கஞ்சித்தொட்டி அலைந்து பாப்பம்மா காப்பாற்றிய தம்பி. அவளுக்கென்று இருந்த ஒரே ரத்தம்.

“நீங்க அங்க இருந்தவரு. நடந்தத அப்படியே சொல்லுங்க. கேட்டா பயந்துக்குவான்” என்று புருஷனிடம் கெஞ்சினாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், களி தின்ற கையோடு சம்பங்கி மச்சினனை உட்காரவைத்தான். பாப்பம்மா அடுப்படியில் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

“மானு கீதுதான்டா. அது தொரைங்க சுடறதுக்கு. அருவிய நான் எட்ட நின்னுகூட பாத்ததில்ல. விடிஞ்சதுலேர்ந்து பொழுது சாயறவரைக்கும் வெளியிலயே நிக்கணும். வெயிலு மண்டைய பொளக்கும்.”

முனியப்பனுக்குக் கண் விரிந்தது. “பொழுதன்னிக்கும் வெயிலா மாமா?”

பையனைக் குறை சொல்லி என்ன பயன்? வாரம் முழுக்க, கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறிப் பாதாளத்தில் இறங்கி, மெழுகுவத்தி வெளிச்சத்தில் பாறை உடைக்கிறவன். அவனுக்குச் சூரியன் ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி.

“மழ பெஞ்சாலும் வுட மாட்டான். நனைஞ்சிக்கினேதான் வெட்டணும்.”

“மேல மழ வுழுமா!”

“புயலு அடிச்சா கூரைய பிச்சிக்கினு பூடும்டா.”

“பூடட்டுமே. கூரைதான மாமா, பாறை இல்லியே.”

சுரங்கத்துக்குள் மேல்பாறை சரிந்து முனியப்பனின் கூட்டாளி நசுங்கி ஒரு மாசம்கூட ஆகவில்லை. சம்பங்கி பேச்சை வேறு பக்கம் திருப்பினான்.

“சுத்தி கடலுடா. ஓடணும்னாகூட வழி இல்ல.”

“அப்ப நாலு பக்கமும் காத்து வரும்.”

ஊதுகிற சங்கை ஊதிப் பார்த்தான் சம்பங்கி. பையனுக்கு எல்லாம் கல்யாண மேளமாகக் கேட்டது. இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்கள். பாதாளத்தில் கிடப்பவனுக்குக் கரை என்று ஒன்று இருந்தாலே பச்சைதான். ராஜப்பா பொய் சொல்லிப் பாதிதான் கிளப்பினான். சம்பங்கி உண்மையைச் சொல்லி மீதியையும் கிளப்பிவிட்டான்.

முனியப்பன் தரையைக் கீறியபடி தாழ்ந்த குரலில் சொன்னான்.

“சரி மாமா, நான் போவல. இங்க பாக்கறதுக்கு இன்னா கீது? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இருந்துடறேன்.”

அது கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டான். அக்காளை விட்டுப் போக அவனுக்கும் மனசு இல்லை. பிடித்துக்கொள்ள ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது.

சம்பங்கி யோசித்தான். வெளியே பாறையை அரைத்துக் கொட்டிய மண்மேடு, புகை, சங்கு ஊதினால் ஓடுகிற கூட்டம். தோள்பட்டை வலித்தது. விடிந்தால் மறுபடி ஷிப்ட். ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். அதற்கும் தெம்பு வேண்டுமே.

“இங்க ஒண்ணுமில்லடா” என்று சொல்லிவிட்டுச் சுவரோரம் படுத்துவிட்டான்.

அந்த வாரமே முனியப்பன் ராஜப்பாவோடு ரயிலேறினான். பாப்பம்மா ஸ்டேஷன்வரை போனாள். திரும்பி வந்து முகம்கூடக் கழுவாமல் புருஷன் எதிரில் உட்கார்ந்தாள். அழுது தீர்ந்த முகம். கோபத்துக்குக்கூட அதில் இடமில்லை.

“அவ்ளோ நேரம் பேசினீங்களே. இங்க இன்னா கீதுன்னு கேட்டானே அவன். ‘உங்கக்கா கீறாடா’ன்னு ஒரு வார்த்த சொல்ல உங்களுக்குத் தோணலியா?”

தோன்றவில்லை. அதுதான் உண்மை.