மாடிக்கு ஏறிய பெட்டி

திருநாவுக்கரசை நல்ல மனுஷன் என்று சொல்கிறவர்கள் எல்லோரும் அவனிடம் பெயிண்ட் வாங்கியவர்கள். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் அவனுக்குக் கடை. வருகிறவர்களை உட்கார வைத்து, டீ சொல்லி, எந்தச் சுவருக்கு எந்த நிறம் எடுப்பாக இருக்கும் என்று குழைந்து குழைந்து பேசுவான். கூடப்பிறந்த தங்கை பவானியைக் கேட்டுப் பாருங்கள். அவள் சொல்வதில் பாதியை அச்சில் போட முடியாது.

பவானிக்கும் வாய் நீளம்தான், அதை மறைப்பானேன். சிதம்பரத்தில் கணக்கில் எம்.எஸ்ஸி. முடித்தவள். அந்த ஊரிலேயே பாலகுமாருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அவன் வேலைக்குப் போகும்போது இவளை உள்ளே வைத்து வெளியே பூட்டுப் போட்டுவிட்டுப் போவான். கேட்டால் திருட்டு பயம் என்பான். திருடன் உள்ளே வராமல் இருக்கவா, இவள் வெளியே போகாமல் இருக்கவா என்று கேட்டதற்கு அறை விழுந்தது. ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரரை ஜன்னல் வழியாகக் கூப்பிட்டுப் பூட்டை உடைக்கச் சொன்னாள். கையில் கிடைத்த துணியோடு கடலூர் பஸ் ஏறிவிட்டாள். அப்பா அம்மா அப்போது உயிரோடு இல்லை. வீடு இன்னும் பாகம் பிரிக்காமல் கிடந்தது. கீழே அண்ணன் குடும்பம், மாடியில் ஒற்றை அறை. அந்த அறையில் போய் உட்கார்ந்தவள்தான்.

மாடியை வாடகைக்கு விட வேண்டும் என்பது அண்ணனின் நெடுநாள் ஆசை. தங்கை அங்கே இருக்கும்வரை அது ஆகாது. தங்கை அங்கே இருப்பது ஆன்லைன் வகுப்பை நம்பி. சாயங்காலமானால் துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற பிள்ளைகளுக்கு லேப்டாப்பில் கணக்குச் சொல்லிக் கொடுப்பாள். அந்தச் சம்பளம் இருக்கிறவரை அவளை அசைக்க முடியாது. அது போய்விட்டால் சொந்தக்காரர்கள் எல்லோரும் கூடி உட்கார்ந்து, புருஷனோடு போய்ச் சேர் என்று நியாயம் சொல்வார்கள். மறுபடியும் அந்தப் பூட்டு. இது பவானிக்கும் தெரியும், அண்ணனுக்கும் தெரியும்.

அந்த வகுப்புதான் ஒரு மாதமாக அறுந்து அறுந்து போயிற்று. நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும். திடீரென்று வைஃபை பெயரே லேப்டாப்பிலிருந்து காணாமல் போகும். கொஞ்ச நேரம் கழித்துத் தானாக வரும். அதற்குள் பிள்ளைகள் போய்விடுவார்கள், அவர்களின் அம்மாக்கள் வகுப்பு நடத்துகிற கம்பெனிக்கு எழுதிவிடுவார்கள். சென்னையிலிருந்து மேற்பார்வை பார்க்கிற மாலதி போன் செய்தாள்.

"மேடம், உங்க கிளாஸ் நல்லாருக்குன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. ஆனா பாதியில நின்னா யாரு ஒத்துப்பாங்க? இப்படியே போச்சுன்னா என்னால காப்பாத்த முடியாது."

பவானி கீழே இறங்கி அண்ணனிடம் கேட்டாள். மோடம் இருப்பது கீழ்க்கூடத்தில், டிவிக்குப் பக்கத்தில்.

"காங்கிரீட்ட தாண்டி மேல வரணும்ல? எப்படி எட்டும்?" என்றான் அவன், பெயிண்ட் கடைக் குரலில்.

"அப்ப மாடிக்கு இன்னொரு வைஃபை பெட்டி வாங்கி வச்சிக்கிறேன். இங்கேருந்து ஒரு ஒயரு மட்டும் இழுக்கணும்."

"தாராளமா செஞ்சிக்க. யாரு வாணாம்னா?"

அவன் இவ்வளவு சுலபமாக ஒன்றுக்குச் சம்மதித்து அவள் பார்த்ததில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். படவில்லை.

பெட்டியை வாங்கி வந்து, ஆளைக் கூப்பிடாமல் அவளே மாட்டினாள். கூடத்து மோடத்திலிருந்து படிக்கட்டுச் சுவரை ஒட்டி ஒயரை இழுத்து, ஆணியடித்து, கதவுச் சந்து வழியாக அறைக்குள் கொண்டுபோனாள். அண்ணி அமிர்தத்துக்கு நேராகப் பேசுகிற பழக்கம் கிடையாது, எல்லாம் ஜாடைதான். வாசலில் படுத்திருந்த நாயைப் பார்த்து, "கட்டிக் குடுத்தா போன எடத்துல இருக்கணும். வந்த எடத்துல செவுத்த ஓட்ட போட்டுக்கிட்டு நிக்கக்கூடாது," என்றாள். நாய் எழுந்து தெருவுக்குப் போயிற்று. பவானி வேண்டுமென்றே இன்னொரு ஆணியை ஓங்கி அடித்தாள்.

அன்று சாயங்காலம் ஒரு கூத்து. வீட்டில் இருக்கிற போனுக்கும் டிவிக்கும் ஆளுக்கொரு முகவரி கொடுப்பது மோடத்தின் வேலை. புதுப் பெட்டியும் தன் பங்குக்கு முகவரி கொடுக்கத் தொடங்கிவிட்டது. ஒரே வீட்டில் இரண்டு பேர் அதிகாரம் செய்தால் என்ன ஆகும் என்று பவானிக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். கீழே அமிர்தத்தின் சீரியல் நின்று போயிற்று. அந்தக் கத்தல் தெருமுனைவரை கேட்டது. பவானி தன் தப்பைக் கண்டுபிடித்து, புதுப் பெட்டியில் அந்த வேலையை நிறுத்தி வைத்தாள். இனி மோடம் மட்டும் முகவரி கொடுக்கும். மாடிப் பெட்டி வைஃபையைப் பரப்பினால் போதும். அதன் பிறகு எல்லாம் ஒழுங்காயிற்று. மாடியில் சிக்னல் முழுசாக நின்றது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

அடுத்த நாள் வகுப்பு. துபாய்ப் பெண் இளமதி பலகையில் பாதிக் கணக்குப் போட்டிருந்தாள். திரை அப்படியே உறைந்தது.

பவானி சிக்னலைப் பார்த்தாள். முழுசாக இருந்தது. வைஃபை இருக்கிறது, இணையம் மட்டும் இல்லை. இத்தனை நாளும் கட் ஆகும்போது சிக்னலே மறைந்துவிடும். தூரம்தான் காரணம் என்று அவளும் நம்பிக்கொண்டிருந்தாள். இன்றைக்கு மாடிப் பெட்டியின் விளக்கு பக்கத்திலேயே எரிந்துகொண்டிருக்கிறது. அப்படியானால் செத்தது கீழே இருக்கிற மோடம். வீட்டில் கரண்ட் இருக்கிறது. மோடம் மட்டும் எப்படிச் சாகும்?

செருப்பில்லாமல் சத்தம் போடாமல் படி இறங்கினாள். கூடத்தில் திருநாவுக்கரசு டீ குடித்துக்கொண்டிருந்தான். மோடத்தின் ப்ளக் பிடுங்கித் தரையில் கிடந்தது.

"நீயா புடுங்கன?"

அவன் பதறக்கூட இல்லை. டீயை முடித்துவிட்டுத்தான் பேசினான். "ஆமா. எத்தினி நாளைக்கி இங்க ஒக்காந்திருப்ப? மாப்ள போன் பண்ணாரு. ஞாயித்துக்கெழம வர்றாரு ஒன்ன கூட்டிக்கிட்டுப் போவ. வேல கீலன்னு சாக்கு சொல்லாத. அந்த வேலையும் இனிமே இருக்காது."

"அந்த ஆளு பூட்டு போட்டான். நீ ப்ளக்க புடுங்குற. ரெண்டு பேருக்கும் என்னாண்ணே வித்தியாசம்?"

"என் வீட்டுல என் ப்ளக்கு."

அவன் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல வந்தது பவானிக்கு. மேலே போய்விட்டாள். போனில் மாலதி காத்துக்கொண்டிருந்தாள். நாளைய வகுப்பில் தானே உட்கார்ந்து பார்க்கப் போவதாகவும், நாளைக்கும் அறுந்தால் அதுதான் கடைசி என்றும் சொன்னாள். பவானி சரி என்றாள். அன்று இரவு அவள் அழவில்லை, கோபத்தில் அழுகை வரவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தபோதுதான் அந்தக் கறுப்பு ஒயர் கண்ணில் பட்டது. தெருக் கம்பத்திலிருந்து மொட்டைமாடிக்கு வந்து, அவள் ஜன்னலை உரசிக்கொண்டு கீழே இறங்குகிற இணைய லைன்.

காலையில் அண்ணன் கடைக்குக் கிளம்பியதும் இணையக் கம்பெனி லைன்மேன் இளவரசைக் கூப்பிட்டாள். கனெக்‌ஷன் அவள் பெயரில்; மாதாமாதம் கட்டுவதும் அவள்தான். கூடத்துக்குப் போய் மோடத்தைக் கழற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு படியேறினாள்.

"அவுரு வரட்டும், கேட்டுட்டு எடு," என்று அமிர்தம் அவசரத்தில் நேராகவே பேசிவிட்டாள்.

"கேட்டுக்கிட்டுத்தான் ஒரு மாசமா நிக்கிறேன் அண்ணி. போதும்."

இளவரசு ஜன்னலோரம் லைனை வெட்டி, முனை போட்டு, மோடத்தில் செருகினான். கரண்ட் போனாலும் ஓடட்டும் என்று மோடத்துக்கு ஒரு சின்ன பேட்டரியும் அவனிடமே வாங்கி மாட்டிக்கொண்டாள். படிக்கட்டில் அவள் இழுத்த ஒயர் இருந்த இடத்திலேயே இருந்தது. இதுவரை நெட் அதில் ஏறி வந்தது, இனி இறங்கிப் போகும். மாடிப் பெட்டியைக் கொண்டுபோய்க் கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தாள். அமிர்தத்தின் சீரியலுக்கு எந்தக் குறையும் இல்லை.

சாயங்காலம் அண்ணன் வந்தான். பெட்டியை மாற்றிவிட்டாள் என்று அமிர்தம் மூச்சு வாங்கச் சொன்னாள். பெட்டி எதுவாக இருந்தால் என்ன, ப்ளக் ப்ளக்தான் என்று அவன் நினைத்தான். மேலே வகுப்பு தொடங்கிய குரல் கேட்டதும் நிதானமாகப் போய்ப் பிடுங்கினான்.

டிவி நின்றது. மேலே பவானியின் குரல் நிற்கவில்லை.

அவன் படியேறி வந்து கதவைத் தட்டினான். பவானி பிள்ளைகளிடம், "இந்தக் கணக்கப் போட்டு வைங்க," என்று சொல்லி மைக்கை அணைத்தாள். திரையின் ஓரத்தில் மாலதியின் முகம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. கதவைத் திறந்தால், அண்ணன் கையில் அடாப்டரோடு நிற்கிறான்.

"என்னா பண்ணி வச்சிருக்க? கீழ நெட்டு வரல."

"எப்படி வரும்? கையில வச்சிக்கிட்டு நிக்கிறியே."

அவன் அடாப்டரைப் பார்த்தான். அறைக்குள் எட்டிப் பார்த்தான். மேசைமேல் மோடத்தின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவனுக்குப் புரிகிறவரை பவானி பொறுமையாக நின்றாள். அந்த முகத்தைப் பார்க்க எத்தனை சுகமாக இருந்தது என்பதை அவள் யாரிடமும் மறைக்கப் போவதில்லை.

"மெயின எறக்கிடுவேன்."

"எறக்கு. இதுக்கும் லேப்டாப்புக்கும் பேட்டரி இருக்கு. ஒனக்குத்தான் ஃபேனு நிக்கும்."

"ஞாயித்துக்கெழம மாப்ள வரட்டும், வச்சிக்கிறேன்."

"வரட்டும். பாகம் பிரிக்கிற பேச்சையும் அன்னிக்கே பேசிடலாம். இந்த மாடி எனக்கு."

கீழேயிருந்து அமிர்தத்தின் குரல் வந்தது. "என்னாங்க, வந்துச்சா இல்லியா? சீரியல் முடிஞ்சிடும்ங்க!"

திருநாவுக்கரசு தொண்டையைச் செருமிக்கொண்டான். பெயிண்ட் கடைக் குரல் திரும்பி வந்தது. "அண்ணி பாத்துக்கிட்டு இருக்கால்ல... கொஞ்சம் வுடேன் பவானி."

"நான் எதயும் நிறுத்தல. நீ புடுங்கனது. நீயே போயி மாட்டு."

கதவைச் சாத்திவிட்டு வந்து மைக்கைப் போட்டாள். அவன் படியிறங்குகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் கீழே டிவியும் பேச ஆரம்பித்தது. மாலதி கடைசிவரை உட்கார்ந்திருந்தாள். வகுப்பு ஒரு தடவைகூட அறுபடவில்லை.