மாடியில் கேட்ட ஐந்து ‘இப்ப’

நடந்ததைத்தான் சொல்கிறேன். நம்ப முடியாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். உங்களைக் கெஞ்ச எனக்கு நேரமில்லை.

கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்குப் பக்கத்தில், ஒரு தனியார் கம்பெனியில் எனக்கு வேலை. வெகு உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் இருப்பிடத்தை அளந்து அனுப்ப வேண்டும். அவை வைத்த இடத்தில் நிற்பதில்லை, மெல்ல நகரும். வாராவாரம் புது அளவு போகாவிட்டால் கணக்கு பழசாகிவிடும். ஒன்றோடொன்று மோத வந்தாலும் முன்கூட்டித் தெரியாது.

கேமரா பழுது. அதனால் பகலவன் மொட்டைமாடியில் தொலைநோக்கியில் கண் வைத்திருப்பான். செயற்கைக்கோளை ஒரு நட்சத்திரம் கடக்கும் நொடியில் “இப்ப!” என்று கத்துவான். கீழ் அறையில் நான் பொத்தானை அழுத்துவேன். நேரம் நேராகச் சென்னைக்குப் போய்விடும்.

பகலவன் மணலூர்பேட்டையில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தவன். நாற்பது வயது. அவனை நான் ஒரு ஆளாகவே மதித்ததில்லை. நான் லீவில் போனபோது, வானத்தை அண்ணாந்துகூடப் பார்க்காமல், போன வார அளவையே தேதி மாற்றி ஒப்பேற்றியவன் அவன்.

அன்று வெள்ளிக்கிழமை. இரவு 10.40. ஆள் வரவில்லை. போன் போட்டேன்.

“ஏன்டா, இன்னா பண்ணிகினு இருக்க? இன்னிக்கு வரலன்னா இனிமே வரவே வாணாம்.”

“பொண்ணுக்கு ஜுரம் சார்... தோ, கெளம்பிட்டேன்.”

எத்தனை ஜுரம் பார்த்திருப்பேன்! சிரித்துக்கொண்டே வைத்தேன்.

12.20. மாடிப்படியில் காலடிச் சத்தம். வந்துவிட்டான். ஒரு வணக்கம்கூட இல்லை. திமிர்.

1.10. “இப்ப!”

அழுத்தினேன்.

1.34. “இப்ப!”

வழக்கமாக ஒவ்வொரு தடவையும் “வுழுந்துச்சா சார்?” என்று கேட்டு உயிரை வாங்குவான். அன்று கேட்கவில்லை...

2.05. “இப்ப...” குரல் இறங்கியிருந்தது. தூங்கி வழிகிறான் தடியன் என்று திட்டினேன்.

2.41. “இப்ப...”

ஜன்னலைப் பார்த்தேன். வெளியே ஒரே வெள்ளை. பனிமூட்டம்.

இதில் நட்சத்திரம் எப்படித் தெரியும்?

3.02. “...ப்ப.”

பொத்தானை அழுத்திவிட்டு மாடிக்கு ஓடினேன்.

தொலைநோக்கியில் உறை கட்டியபடியே இருந்தது.

ஈரத்தில் என் கால்தடம் மட்டும்...

யாருமில்லை.

காலையில் பால் வண்டிக்காரர்தான் பார்த்தார். மலைப்பாதையில் ஒரு கொண்டை ஊசி வளைவுக்குக் கீழே, பைக் ஒரு பக்கம் கிடக்க, வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடந்தான் பகலவன். உடம்பு சில்லிட்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை சென்னை ஆபீஸிலிருந்து சுபஸ்ரீ மேடம் பேசினார். அளவுகளைச் சரிபார்ப்பவர் அவர்.

“வெள்ளிக்கிழமை வந்த அஞ்சு அளவும் உங்க மாடிக்கு ஒத்துவரல. ஆனா பார்த்த இடத்தைக் கிழக்கே ஒன்பது கிலோமீட்டர் தள்ளிப் போட்டா அஞ்சும் கச்சிதமா பொருந்துது. வேற எங்கயாவது இருந்து பாத்தீங்களா?”

அவர் சொன்ன புள்ளியை மேப்பில் தேடினேன். அந்த வளைவு. என் முகத்தில் நானே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

பிரேதப் பரிசோதனை அறிக்கை அதற்குப் பிறகுதான் வந்தது. அவன் விழுந்தது பன்னிரண்டு மணிக்கு முன்னால் இருக்குமாம்.

உயிர் போனது மூன்று மணிக்கு மேல்.